கேடயம் வாங்கின கக்கூஸ்

அந்த மஞ்சப்பையைக் கொஞ்சம் உங்க காலுக்கு நடுவுல வச்சுக்கங்க தம்பி. பஸ்ஸு குலுங்குறதுல உருண்டு ஓடிராம. தேங்கா, பழம், வெத்தலை, சூடம். சூடம் பெரிய கட்டியா பாத்து வாங்கிருக்கேன். சின்ன வில்லையா இருந்தா நாம வாயைத் திறக்குறதுக்குள்ள பொசுக்குன்னு எரிஞ்சு போயிரும். அப்புறம் அதுக்கும் ஒரு பேச்சு பேசுவாங்க, எங்க சம்பந்தி வீட்ல.

இல்ல இல்ல, விசேஷம் ஒண்ணுமில்ல. சூடம் அணைக்கப் போறேன்.

உங்களுக்குத் தெரியாதா? டவுனுப் பிள்ளை போல. கோயில்ல சாமி முன்னாடி சூடத்தைக் கொளுத்தி, நாலு பேரை வச்சுக்கிட்டு, சொல்ல வேண்டிய சத்தியத்தைச் சொல்லி, உள்ளங்கையால பட்டுன்னு அடிச்சு அணைக்கணும். பொய் சொல்லி அணைச்சவன் குடும்பம் விளங்காதும்பாங்க. எங்க பக்கம் போலீஸ் ஸ்டேஷன்ல சொன்னதை மாத்திச் சொல்றவன்கூட சூடத்துல மாத்திச் சொல்ல மாட்டான். அதனாலதான் அதைக் கேக்குறாங்க. எங்கிட்டக் கேக்குறாங்க தம்பி! இந்த ஒச்சப்பன்கிட்ட! ஊருக்குள்ள யார்கிட்ட வேணாலும் விசாரிங்க, இவன் யார் சொத்துக்காவது ஆசைப்பட்டிருக்கானான்னு.

எல்லாம் ஒரு கக்கூஸால வந்த வினை.

சிரிக்காதீங்க. எங்க கக்கூஸு அப்படி இப்படிப்பட்டது இல்ல. கலெக்டர் கையால கேடயம் வாங்குனது. அரசாங்கத்துல வீட்டுக்கு வீடு கட்டச் சொன்னப்ப எல்லாப் பயலும் நாலு செவுரு எழுப்பி, அதுக்குள்ள விறகையும் வறட்டியையும் அடுக்கிட்டு, பழையபடி கண்மாய்க் கரைக்குத்தான் போனாங்க. நான் அப்படி இல்ல. செவுத்துக்கு டைல்ஸ். தரைக்கு டைல்ஸ். உக்காருறதுக்கு சேரு மாதிரி பீங்கான், மேல வெள்ளை மூடி, பின்னாடி தண்ணித் தொட்டி. ஊருக்குள்ளயே அது ஒண்ணுதான். எம்மகன் ஜெயபாண்டி நாக்பூர்ல முறுக்கு போடுறான், அவன் அனுப்பிச்ச காசுல கட்டுனது. ஆபீசருங்க வந்து போட்டோ எடுத்தாங்க. என்னைய அந்த மூடி மேல கைய வச்சு நிக்கச் சொன்னாங்க.

யாரா? போறதா? அதுல யாரு போவா? சேருல உக்காந்துக்கிட்டா? எனக்கு வரவே வராதுங்க. எம்பொண்டாட்டி பேச்சியம்மா முதல் நாளு போயி, கூச்சமா இருக்குன்னு எந்திரிச்சு வந்துட்டா. அதுவும் நல்லதுதான். புழங்கினா அழுக்காயிரும்ல. பூட்டுப் போட்டு, சாவியை இந்த அரைஞாண் கயித்துல முடிஞ்சுக்கிட்டேன். இந்தா பாருங்க, இன்னமும் கிடக்குது. தினமும் காலையில கஞ்சி குடிச்சிட்டு, திறந்து, ஈரத்துணியால ஒரு துடை. ஒரு தூசி கிடையாது. ஒரு பூச்சி கிடையாது. உள்ள போனா கோயில் மாதிரி ஒரு குளிர்ச்சி.

எம்மருமக வினோதினி தேனிப் பக்கத்துப் பிள்ளை. நல்ல பிள்ளைதான். நான் குறை சொல்லல. மாமா மாமான்னு சுத்திச் சுத்தி வரும். டீயில சர்க்கரை கம்மியாப் போட்டு, டாக்டர் சொல்லிருக்காரு மாமான்னு என்னையே மிரட்டும். பொறந்த வீட்ல இருக்கும்போதே கக்கூஸு பழகின பிள்ளை. இங்க வந்து கண்மாய்க் கரைக்குப் பேச்சியம்மா கூடப் போயிக்கிட்டுத்தான் இருந்துச்சு. வயித்துல பிள்ளை தங்கி, வயிறு முன்னால தள்ளின பிறகு குத்துக்கால் போட்டு உக்கார முடியல. ஒரு நாள் எம்முன்னாடி தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "மாமா, அந்தச் சாவியைக் குடுங்களேன்"னு கேட்டுச்சு.

நான் யோசிச்சேன். மறைக்கல, யோசிச்சேன். அடுத்த வாரம் மறுபடி ஆபீசருங்க வர்றதா இருந்துச்சு, மாவட்டத்துக்கே முதல் பரிசுக்குப் பாக்க. அவங்க பாத்துட்டுப் போகட்டும் தாயி, அதுவரைக்கும் பொறுத்துக்கன்னேன். பேச்சியம்மாதான், "பெத்த பிள்ளையா இருந்தா இப்படிச் சொல்லுவியா? பரிசை வச்சு நாக்கு வழிக்கவா?"ன்னு ஏறி வந்தா. அவ வாயி அப்படி. சரின்னு அவுத்துக் குடுத்தேன். குடுக்கும்போது என்னமோ சொல்ல வந்தேன். சொல்லல. "பாத்துப் போ தாயி"ன்னு மட்டும் சொன்னேன். சொன்னேனா இல்லையா? சொன்னேன். அதை யாரும் இன்னைக்கு ஞாபகம் வச்சுக்கிறது இல்ல.

நல்ல மத்தியானம். நான் வேப்பமரத்தடியில கட்டில்ல கிடக்கேன். போன பிள்ளை உடனே வெளிய வந்துருச்சு. மூஞ்சி சுருங்கிப் போச்சு. "என்னம்மா?"ன்னேன். "ஒண்ணுமில்ல மாமா, என்னமோ சுருக்குன்னுச்சு"ன்னு சொல்லிட்டு உள்ள போயிருச்சு. பேச்சியம்மாகிட்ட மட்டும் எங்கன்னு சொல்லிருக்கு. சொல்ல முடியாத இடம். எறும்பா இருக்கும்னு இவ தேங்கா எண்ணெய் குடுத்திருக்கா.

செத்த நேரம்தான். தொடையில பிடிச்ச வலி மேல ஏறி வயித்துக்கு வந்துருச்சு. வயிறு பலகை மாதிரி ஆயிப்போச்சு தம்பி. தொட்டா கட்டை. உடம்பெல்லாம் வேர்வை, சேலை பிழியலாம். காலு ரெண்டும் வெடுக்கு வெடுக்குன்னு இழுக்குது. கத்துது பாருங்க ஒரு கத்தல், என்னைப் பெத்தவளேன்னு. அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க எல்லாம் ஓடியாந்துட்டாங்க. வலி கண்டுருச்சு, ஏழாம் மாசத்துலயே வலி கண்டுருச்சுன்னு ஒருத்தி. சூட்டு வலின்னு ஒருத்தி. எதுக்கும் இருக்கட்டும்னு மந்திரிக்கிற சின்னாண்டியைக் கூட்டியாந்தாங்க. அவன் வேப்பிலையைக் கையில பிடிச்சுக்கிட்டு, "கடிவாய் எங்க? கடிவாயைப் பாக்கணும்"ங்குறான். அந்தப் பிள்ளை எப்படிக் காட்டும்? மாமனார் நிக்குறேன், அன்னிய ஆம்பளை நிக்குறான். வாயை இறுக்க மூடிக்கிட்டுத் தலையைத் தலையை ஆட்டுது. அவன் ஒரு நிமிஷம் பாத்தான், இது காணாக்கடின்னுட்டான். என்ன கடிச்சுச்சுன்னு தெரியாததுக்கு எங்க பக்கம் அதுதான் பேரு. காணாக்கடி. மூணு தடவை வேப்பிலையை இறக்கிட்டு, உப்பு புளி ஆகாதுன்னு சொல்லிட்டுப் போயிட்டான்.

நான் நிலைப்படியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். நீங்க என்ன செஞ்சிருப்பீங்க அந்த இடத்துல?

ஆட்டோ பிடிச்சு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்க ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு, தங்கமான பொம்பளை. அது மேல ஒரு குத்தமும் கிடையாது, அதை முதல்ல சொல்லிர்றேன். வயித்தைத் தொட்டுத் தொட்டுப் பாத்துச்சு. என்னையும் பேச்சியம்மாளையும் வெளிய கூப்பிட்டுச்சு. "ஏதாவது கடிச்சுச்சா? பூரான், தேளு, சிலந்தி, ஏதாச்சும்?"னு கேட்டுச்சு. அப்படியே கேட்டுச்சு தம்பி. சிலந்தின்னு அதுவே வாயைத் திறந்து சொல்லிருச்சு. பேச்சியம்மா, "கக்கூஸுக்குப் போனப்ப சுருக்குன்னுச்சாம்"னா. டாக்டரம்மா என் மூஞ்சியைப் பாத்துச்சு.

"அம்மா, அது கேடயம் வாங்குன கக்கூஸு. ஒரு பூச்சி பொட்டு அண்டாது"ன்னேன்.

பின்ன என்ன சொல்லச் சொல்றீங்க? ஊரே வெளிய நிக்குது. ஆட்டோக்காரன் நிக்குறான், பஞ்சாயத்துத் தலைவர் தம்பி நிக்குறான். அவன் அவன் எப்படா இவன் மாட்டுவான்னு பாத்துக்கிட்டு இருக்குறான். அடுத்த வாரம் ஆபீசருங்க வர்றாங்க.

வயிறு இறுகிக் கிடக்குது, பிள்ளையோட துடிப்பு குறையுது, இனி வச்சுப் பாக்க முடியாது, கிழிச்சு எடுத்துருவோம்னுச்சு டாக்டரம்மா. கிழிச்சாங்க. பையன். இந்தக் கைக்குள்ள அடங்குவான். தலை நிறைய முடி. எங்க ஐயா ஜாடை. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருந்தாங்க. மறுநாள் வெயில் ஏறும்போது போயிட்டான். ஜெயபாண்டி ரயில்ல வந்துக்கிட்டே இருந்தான், அவன் வந்து சேர்றதுக்குள்ள போயிட்டான்.

இருங்க. தண்ணி இருக்கா? ஒரு வாய் குடுங்க.

இதுல ஒரு கொடுமை என்னான்னா, பிள்ளையை எடுத்த பிறகும் வினோதினிக்கு வலி நிக்கல. அதே வேர்வை, அதே இழுப்பு. டாக்டரம்மாவுக்கே ஒண்ணும் ஓடல. பேச்சியம்மா மாத்துச் சேலை எடுக்க வீட்டுக்குப் போனவ, நேரா கக்கூஸுக்குப் போயிருக்கா. அந்த உக்காருற வளையத்தைத் தூக்கிப் பாத்திருக்கா. அடியில ஒரு சிலந்தி ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. விளக்கமாத்தால ஒரே போடு. ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டா. டாக்டரம்மா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. பேரு என்னமோ இங்கிலீஷ்ல சொல்லுச்சு, கறுப்பு விதவைன்னு அர்த்தமாம். அதோட சாதியாம் இது. "இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா வலிக்கும் இழுப்புக்கும் மருந்து குடுத்துப் பாத்திருப்பேன். ரெண்டு நாள்ல தானா இறங்கியிருக்கும். கத்தியை எடுத்திருக்க மாட்டேன்"னு மெதுவாத்தான் சொல்லுச்சு. கூட்டிக் குறைச்சுச் சொல்லல. சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிச்சு.

ஏன் அந்தப் பேருன்னு கேட்டதுக்கு, பொட்டை ஆணைத் தின்னுருமாம், அதனாலன்னுச்சு. தின்னும். அது டாக்டரம்மா சொல்லித்தான் தெரியணுமா? ஆணு எள்ளுத் தண்டி இருக்கும் தம்பி. பயந்து பயந்து நூலைத் தட்டித் தட்டிக் கிட்ட வரும். நான் வர்றேன், இரை இல்ல, ஆளுன்னு சொல்ற மாதிரி. எல்லாம் முடிஞ்ச பிறகு சில நேரம் விட்டுரும், சில நேரம் பிடிச்சு நூலைச் சுத்தி வச்சு உறிஞ்சிரும். பொட்டை நல்ல கொண்டக்கடலைத் தண்டி. கருகருன்னு பளபளப்பா, வயித்துல குங்குமம் வச்ச மாதிரி ஒரு செவப்பு. எப்பவும் தலைகீழாத்தான் தொங்கும். மத்தச் சிலந்தி மாதிரி அழகா வட்டமாக் கட்டாது, கண்டமேனிக்கு இழுத்து வச்சிருக்கும். ஆனா நூலு என்னா உறுதிங்குறீங்க. குச்சியால இழுத்தா சடசடன்னு சத்தம் கேக்கும்.

என்ன அப்படிப் பாக்குறீங்க? யாராவது சொல்லிக் கேட்டிருப்பேன்.

சரி. உங்களுக்கென்ன, அடுத்த ஊர்ல இறங்கிப் போயிருவீங்க. பாத்தேன். மழைக்காலம் முடிஞ்சதுல இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். முதல் நாள் குச்சியை எடுத்துத் தள்ளப் போனேன். பொத்துன்னு கீழ விழுந்து, காலையெல்லாம் சுருட்டிக்கிட்டு செத்த மாதிரி கிடந்துச்சு. ஐயோ பாவமேன்னு குச்சியைப் போட்டுட்டேன். கொஞ்ச நேரத்துல எந்திரிச்சு மேல ஏறிருச்சு, கள்ளி. அது இருந்ததால ஈ இல்ல, கரப்பான் இல்ல. ஒரு நாள் பல்லிக்குட்டி ஒண்ணு மாட்டிருச்சு. தன்னை மாதிரி எத்தனையோ மடங்கு பெருசு. ஒரு கடி. அவ்வளவுதான், வாலுகூட ஆடல. அன்னைக்கே எனக்கு... சரி விடுங்க. அது பாட்டுக்கு இருக்கும் தம்பி. தேடி வந்து கடிக்கிற சாதி இல்ல. மேல விழுந்து நசுக்கினா எதுதான் கடிக்காது? மகன் ஊர்ல இல்ல, பேச்சியம்மா வாயைத் திறந்தா வசவு. காலையில போயி மூடியைத் தூக்கினா அது ஒண்ணு எனக்குன்னு இருந்துச்சு. "கக்கூஸுக்குள்ள யார்கூடப் பேசுற?"ன்னு கேப்பா பேச்சியம்மா. ஒரு சிலந்தி கிடக்குதுன்னு அவகிட்ட ஒரு நாள் சொல்லியிருக்கேன், அப்ப அவ பெருசா எடுத்துக்கல. அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஜெயபாண்டி பாட்டிலைக் கொண்டாந்து எம்முன்னாடி வச்சான். "இது அங்க இருந்தது உங்களுக்குத் தெரியுமாப்பா?"ன்னான். எனக்கென்னடா தெரியும்னேன். பேச்சியம்மா அங்கதான் நின்னா. ஒரு வார்த்தை பேசல. சொன்னா அப்பனும் மகனும் வெட்டிக்கிட்டுச் செத்துருவோம்னு பயந்துட்டா. அன்னையில இருந்து எங்கிட்ட அவ பேச்சு இல்ல. ஊருக்கெல்லாம் கேக்குற வாயி, எனக்கு ஊமை.

ஜெயபாண்டி மண்ணெண்ணெயைக் கொண்டு போயி பீங்கானுக்குள்ள ஊத்திக் கொளுத்தினான். வெடிச்சுப் போச்சு பீங்கான். பின்னாடி தண்ணித் தொட்டி இருக்குல்ல, அதுக்கும் செவுத்துக்கும் நடுவுல அது முட்டை வச்சிருந்துச்சு. இலந்தக் கொட்டை அளவுல பஞ்சு உருண்டை, வரிசையாத் தொங்கும். அவன் அதைப் பாக்கல. குனிஞ்சு கையைவிட்டுத் தடவினாத்தான் தெரியும். "எல்லாம் போச்சாப்பா?"ன்னு கேட்டான். அங்க முட்டை இருக்குடான்னு நான் எப்படிச் சொல்ல? உனக்கெப்படித் தெரியும்னு அடுத்த கேள்வி வருமா வராதா? போச்சுடான்னேன்.

அவன் நாக்பூருக்குப் போயிட்டான். வினோதினியை அவங்கப்பா வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. இப்பப் பங்குனியோட பங்குனி ஆச்சு. அந்தப் பிள்ளை என்ன சொல்லுதுன்னா, எம்பிள்ளை விதி முடிஞ்சு போனான்னா நான் தாங்கிக்கிறேன், மாமா தெரிஞ்சே வாயை மூடிக்கிட்டு நின்னாருன்னா என்னால அந்த வீட்ல ஒரு வாய் சோறு திங்க முடியாதுங்குது. மாமா சூடம் அணைக்கட்டும், நான் நம்புறேன், வந்துர்றேன்னு சொல்லி அனுப்பிச்சிருக்கு. எம்மகனும் அதைத்தான் சொல்றான். அணைச்சாத்தான் அப்பான்னு கூப்பிடுவானாம். நல்ல சேதி கேளுங்க, மறுபடி அது மாசமா இருக்கு. அவன் தீபாவளிக்கு வந்து மாமனார் வீட்லயே தங்கிட்டுப் போனான், எங்க வாசலை எட்டிப் பாக்கல. எம்பேரன் அங்க பொறந்தா நான் மூஞ்சியைக்கூடப் பாக்க முடியாது தம்பி. இன்னொருத்தன் சொல்லித்தான் என்ன ஜாடைன்னு தெரிஞ்சுக்கணும். அதை நினைச்சா ராவெல்லாம் உறக்கம் இல்ல.

அதான் கிளம்பிட்டேன். சத்தியம் ரெண்டாம். அங்க பூச்சி இருந்தது எனக்குத் தெரியாது. இன்னைக்கு வீட்ல ஒரு பூச்சியும் இல்ல. அவ்வளவுதான். சம்பந்தி எழுதி வாசிச்சுக் காட்டுவாராம், நான் திருப்பிச் சொல்லணுமாம், என்னமோ பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. சொல்லிருவேன். கை கொஞ்சம் சுடும். சுடட்டும். பேச்சியம்மாளைக் கிளம்புடின்னேன். நீ பொய்ச் சூடம் அணைச்சு அந்தப் பிள்ளையைக் கொண்டாந்தா நான் இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு துணிமணியைச் சுருட்டிக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. ஒரு வருஷம் கழிச்சு எங்கிட்டப் பேசின பேச்சு அது. போகட்டும். மருமக வந்தா எனக்குக் கஞ்சி ஊத்தாதா?

ஆனா ஒண்ணுதான் தம்பி. அதை யார்கிட்டக் கேக்குறதுன்னு தெரியல.

மகன் போன பிறகு தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி கையை விட்டுப் பாத்தேன். உருண்டை எல்லாம் இருந்துச்சு. ஆனா ஒவ்வொண்ணுலயும் பொத்தல். உள்ள காலி. அதுங்க குஞ்சு பொரிச்சா அங்கயே இருக்காது. உயரத்துல ஏறி நூலை விட்டுக்கிட்டுக் காத்துலயே போயிரும். முதல்ல விறகுக்குள்ள ஒண்ணு பாத்தேன். தவிட்டு நிறத்துல, கடுகாட்டம். அப்புறம் மாட்டுக் கொட்டத்துல. இப்ப வளந்து கறுத்துருச்சு. தினமும் காலையில செருப்பை எடுத்துக்கிட்டு ஒரு சுத்துச் சுத்துறேன். அரிசிப் பானைக்குப் பின்னாடி, கட்டிலுக்கு அடியில, அந்தப் பிள்ளையோட பழைய செருப்புக்குள்ள. அடிக்க அடிக்க இருக்குது. முந்தாநாளு பரண் மேல இருந்து தொட்டிலை இறக்கினேன், போன பிள்ளைக்குன்னு வாங்கி வச்ச தொட்டிலு. மடிப்பை உதறினா சடசடன்னு நூலு அறுகுற சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்ல.

இப்பக் கோயில்ல போயி ஒண்ணும் இல்லன்னு அணைச்சுட்டு, வீட்டுக்கு வந்ததும் இருக்குன்னு எப்படிச் சொல்றது? எங்கிருந்து வந்துச்சு, என்ன முட்டை, அன்னைக்கே ஏன் சொல்லலைன்னு ஒண்ணு மேல ஒண்ணாக் கேக்க மாட்டாங்களா? சொல்லாமலும் இருக்க முடியாது. மருமக இன்னைக்கே என்கூட வருதாம். இதே பஸ்ஸுல திரும்புறோம். உள்ள போனதும் அது நேரா அடுப்படிக்குத்தான் போகும், மாமாவுக்கு டீ போடணும்னு.

அந்தா, வேப்பமரம் தெரியுது பாருங்க, அதான் ஸ்டாப்பு. அந்தப் பூப்போட்ட வாயில் சேலைதான் எம்மருமக. பாருங்க, என்னைக் கூப்பிட ரோடு வரைக்கும் வந்து நிக்குது, வயித்துல கையை வச்சுக்கிட்டு. பையைக் குடுங்க தம்பி. சூடம் இருக்கா பாருங்க, இருக்கா? இருக்கு. நான் வாசல்ல வச்சு, "பாத்துப் போ தாயி"ன்னு சொல்லலாம்ல? அது சொல்லலாம். அதுல ஒண்ணும் இல்ல.

எதைப் பாத்துப் போகணும் மாமான்னு அது கேட்டா, தம்பி, நான் என்ன சொல்றது?